மூன்றாவது வரியில் பிழை

சரியான விடை வந்த கணக்கில் கணித வாத்தியாருக்குப் பெரிதாக வேலை இல்லை. சிவப்புப் பேனையால் ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டலாம். பிழையான கணக்கு வந்தால்தான் கதிரையை இழுத்துப் போட்டு இருக்க வேண்டியிருக்கும். அரியாலையில் வீட்டு விறாந்தையில் ரியூசன் நடத்தும் வாத்தியார் ஒருவர் தன் தொழிலைப் பற்றி இப்படித்தான் சொல்வார். மாலையில் வீட்டுவேலைக் கொப்பிகள் குவியும்போது அவருடைய கண் கடைசி வரிக்குப் போவதில்லை. செய்கை எந்த வரியில் தடம் மாறியது என்று மேலிருந்து கீழே தேடிக்கொண்டு வரும்.

ஒரு கொப்பியில் இப்படி இருந்தது:

3 எக்ஸ் = 12
எக்ஸ் = 12 − 3
எக்ஸ் = 9

"இது எப்பிடித் தம்பி வந்தது?"

"மூண்டு அந்தப் பக்கம் போகுது, சேர். போனா குறி மாறும்."

பையன் சொன்னதில் பொய் இல்லை. எக்ஸ் சக 3 சமன் 12 என்று கணக்கு இருந்திருந்தால் அவன் செய்தது முழுக்கச் சரி. போன கிழமை அந்த மாதிரிக் கணக்குகள் பத்துப் பதினைந்து செய்து, எல்லாவற்றுக்கும் சரி வாங்கியிருக்கிறான். அந்த வெற்றியிலிருந்து ஒரு விதியை உருவாக்கிக்கொண்டு இந்தக் கிழமையும் அதையே நம்பியிருக்கிறான். "கவனமில்லை" என்று மேலே எழுதிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தால் அது அநியாயம். கவனமில்லாதவன் ஒரே பிழையைத் தொடர்ந்து ஏழு கணக்கில் விடமாட்டான்.

வாத்தியார் ஏசவில்லை, விதியையும் திருத்தவில்லை. "சரி, ஒன்பதைக் கொண்டுபோய் மேல் வரியிலை போடும். மூண்டு தர ஒன்பது எத்தினை?" என்றார். "இருபத்தேழு." "மேலை என்ன கிடக்கு?" "பன்னிரண்டு." பையன் கொப்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவனிடம் சொல்ல வேண்டி இருந்தது ஒன்றுதான்: எக்ஸோடு மூன்று எப்படி ஒட்டியிருக்கிறது, கூட்டியா பெருக்கியா என்று முதலில் பார், எப்படி ஒட்டியதோ அதற்கு எதிராகக் கழற்று.

அந்த வாத்தியாரும் இதை எழுதுகிறவரும் ஒரே ஆள். "நான், நான்" என்று எழுதினால் கட்டுரை முழுக்க அந்தச் சொல்லே குறுக்கே நிற்கும். ஆகவே அவரை "அவர்" என்றே விட்டுவிடலாம்.

யாழ்ப்பாண நகரிலிருந்து கண்டி வீதியால் கிழக்கே வந்தால் சுண்டுக்குளிக்கு அடுத்தது அரியாலை. தெற்கே கடல்நீரேரி, வடகிழக்கே செம்மணி வெளி, அதற்கும் அப்பால் நாவற்குழிப் பாலம். வாத்தியாரிடம் வரும் பிள்ளைகளில் சிலர் கனகரத்தினம் மத்திய மகா வித்தியாலயத்திலும் வேறு சிலர் சுண்டுக்குளி மகளிர் கல்லூரி, பரியோவான் கல்லூரி போன்ற நகரத்துப் பள்ளிகளிலும் படிப்பவர்கள். கிழக்கு அரியாலைப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர்களும் உண்டு. அப்பா கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளையும், வங்கியில் வேலை செய்கிறவரின் பிள்ளையும், கனடாக் காசு வருகிற வீட்டுப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். வீடு வேறாக இருந்தாலும் அவர்கள் விடும் பிழைகள் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கின்றன. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் வாத்தியாரைத் திகைக்க வைத்த விசயம் இதுதான்.

கழித்தலை எடுத்துக்கொள்வோம். 503இலிருந்து 247ஐக் கழி என்றால் 344 என்று எழுதும் பிள்ளைகள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். மூன்றிலிருந்து ஏழு போகாது. ஆகவே ஏழிலிருந்து மூன்றைக் கழித்து நான்கு. பூச்சியத்திலிருந்து நான்கு போகாது; ஆகவே நான்கு. ஐந்திலிருந்து இரண்டு போக மூன்று. ஒவ்வொரு நிரலிலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கிறது பிள்ளை. அந்த விதியை அது ஒருமுறைகூடத் தவறவிடவில்லை. சரியான விடை 256.

1978இல் ஜோன் சீலி பிரவுண், ரிச்சர்ட் பேர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட கழித்தல் பிழைகளை வகைப்படுத்தி, ஒரு பிள்ளை அடுத்த கணக்கில் என்ன பிழையான விடை எழுதும் என்று முன்கூட்டியே சொல்ல முயலும் கணினி நிரல் ஒன்றை எழுதினார்கள். 'பக்கி' என்று அதற்குப் பெயர். பிழைக்குள் ஒழுங்கு இல்லையென்றால் அப்படியொரு நிரலை எழுதவே முடியாது. இதற்கு ஐந்து வருடம் முன்பு, 1973இல், எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் பென்னி என்ற 12 வயதுப் பையனைப் பற்றி எழுதிய கட்டுரை கணிதக் கல்வி படிப்பவர்களிடையே இன்றும் பிரபலம். பென்னி தன் வகுப்பில் நன்றாகச் செய்கிற பிள்ளை என்று பெயர் எடுத்தவன். பரீட்சைகளில் முன்னேறிக்கொண்டே போனவன். இருத்திவைத்துக் கதைத்துப் பார்த்தபோதுதான், பின்னங்களுக்கும் தசமங்களுக்கும் அவன் தானாகவே உண்டாக்கிய விதிகள் வைத்திருந்தது வெளியே வந்தது. அவன் படித்த முறையில் விடையை மட்டும் திருத்துவார்கள். செய்கையை யாரும் கேட்கவில்லை.

நம்மூர் ரியூட்டரிகளில் இருநூறு, முந்நூறு பிள்ளைகள் ஒரே கொட்டிலில் இருந்து ஒலிவாங்கியில் கணிதம் கேட்கும் வகுப்புகளைப் பார்க்கும்போது வாத்தியாருக்குப் பென்னியின் நினைவு வரும். நன்றாகப் படிப்பிக்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள், அதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் முந்நூறு கொப்பியை ஒருவர் எப்படி வாசிப்பது?

பழக்கப்பட்ட பிழைகளுக்குள் வாத்தியாருக்கு மிகவும் பிடித்தது சமன் குறியைச் சுற்றி வருவது. எட்டுச் சக நான்கு சமன் ஒரு பெட்டி சக ஐந்து. பெட்டிக்குள் என்ன எண்? அமெரிக்காவில் இந்தக் கணக்கை ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தபோது மிகப் பெரும்பாலானோர் 12 என்றோ 17 என்றோ எழுதினார்கள். சரியான விடையாகிய 7ஐ எழுதியவர்கள் மிகக் குறைவு. விறாந்தையிலும் அதே கதை. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர் கொஞ்சமும் யோசிக்காமல் 12 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்கைக் கேட்பார்கள்.

காரணத்தைத் தேடித் தூரம் போகத் தேவையில்லை. ஐந்து வருடமாக அந்தப் பிள்ளை பார்த்த கணக்கிலெல்லாம் சமன் குறி கடைசியில்தான் வந்தது. அதற்கு வலப்பக்கத்தில் விடை எழுத வேண்டும். "இனி விடையைச் சொல்" என்ற கட்டளையாக அது மனதில் பதிந்துவிட்டது. 1557இல் றொபேட் றெக்கோட் என்ற ஆங்கிலேயர் இரண்டு இணைகோடுகளைச் சமன் குறியாக முதன்முதலில் அச்சிட்டபோது சொன்ன நியாயம், இரண்டு இணைகோடுகளைவிட ஒன்றுக்கொன்று சமமான வேறு எதுவும் இருக்க முடியாது என்பது. அந்த நியாயத்தைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. விளைவாக, கொப்பிகளில் 3 + 4 = 7 × 2 = 14 − 5 = 9 என்று ரயில் பெட்டிகள் போல் கோத்த வரிகள் வருகின்றன. விடை 9 சரிதான். ஆனால் மூன்று சக நான்கு எந்த ஊரில் பதினான்குக்குச் சமன்?

இதை விடாப்பிடியாகத் திருத்தாவிட்டால் அட்சரகணிதத்துக்குள் கால் வைக்க முடியாது என்பது அவருடைய அனுபவம். 5 எக்ஸ் சக 2 சமன் 3 எக்ஸ் சக 10 என்ற சமன்பாட்டில் வலப்பக்கத்தில் விடையே இல்லை. அங்கேயும் ஒரு கணக்குக் கிடக்கிறது. சமனைக் கட்டளையாகப் பார்க்கிற பிள்ளை அங்கே நின்றுவிடும், சிலவேளை அழும். பெற்றோர் "பிள்ளைக்குக் கணக்கு ஓடாது" என்பார்கள். ஆகவே அவரிடம் புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் இரண்டு கிழமையும் எக்ஸைக் காண்பதில்லை. பெட்டிகளை இடப்பக்கம், நடுப்பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்து வெறும் எண்களோடு மல்லுக்கட்டுவார்கள். "காசு வாங்கிக்கொண்டு ஒண்டாம் வகுப்புக் கணக்குப் படிப்பிக்கிறார்" என்று ஒரு தாய் ஒழுங்கையில் நின்று சொன்னது அவர் காதிலும் விழுந்தது. அந்தப் பிள்ளை பிறகு ஒருங்கமை சமன்பாடுகள்வரை அவரிடம்தான் படித்தாள்.

சயக் குறியின் கூத்து வேறு. "சயவும் சயவும் சக" என்பதை என்றைக்குப் படிக்கிறார்களோ, அன்றைக்கே அதன் பின்பாதியை மறந்துவிடுகிறார்கள். பெருக்கும்போதும் பிரிக்கும்போதும் மட்டும் அந்த விதி என்பதுதான் பின்பாதி. சய 3 சய 2 என்றால் சக 5 என்று எழுதுவார்கள். இரண்டு சயத்தையும் கண்டுவிட்டார்கள், கேள்வி கேட்காமல் சக போட்டுவிட்டார்கள். இந்தப் பிழைக்குக் கடனைவிட நல்ல மருந்து அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. கடைக்கார அண்ணைக்கு மூன்று ரூபா கொடுக்க வேண்டிக் கிடக்கிறது. இன்னும் இரண்டு ரூபாவுக்குச் சாமான் வாங்கியாயிற்று. இப்போது உம்மிடம் ஐந்து ரூபா இருக்கிறதா, ஐந்து ரூபா கடன் இருக்கிறதா? இதில் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. கி.பி. 628இல் பிரமகுப்தர் சய எண்களுக்கு விதி எழுதியபோதே அவற்றைக் கடன் என்றும், சக எண்களைச் செல்வம் என்றும்தான் எழுதினார். பதினான்கு நூற்றாண்டாகக் கடன் மாறவில்லை, அது புரிகிற விதமும் மாறவில்லை.

பின்னம்தான் பெரிய கண்டம். அரையும் மூன்றிலொன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளை மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டியிருக்கிறது. அரையோடு இன்னொன்றைச் சேர்த்தபின் அரையைவிடக் குறைந்த எண் வந்திருக்கிறதே என்று அதற்குத் தோன்றவில்லை. தோன்ற வேண்டுமானால் பின்னம் கையால் தொடுகிற ஒன்றாக இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் அப்படியொன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது. அது காணி.

யாழ்ப்பாணத்தின் வழக்கச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் பதிந்தார்கள். முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்து வகை வகையாகப் பிரிந்து இறங்கும் வழக்கம் அதற்கும் பழையது. இதனால் இங்குள்ள பழைய உறுதிகளை விரித்தால் சட்டத்தைவிடப் பின்னக் கணக்கே கூட இருக்கும். பிரிபடாத காணியில் இன்னாருக்கு எட்டில் ஒன்று, அந்த எட்டில் ஒன்றில் இன்னாருக்கு மூன்றில் ஒன்று, அதில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் பங்கும் சேர்த்தி என்று போய்க்கொண்டே இருக்கும். எட்டில் ஒன்றில் மூன்றில் ஒன்று எவ்வளவு என்று ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளையிடம் கேட்டால் விழிக்கும். "உங்கடை அம்மம்மான்ரை வளவு" என்று சொல்லிக் கேட்டால் இருபத்துநான்கில் ஒன்று என்று கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்துவிடும். சில வீடுகளில் அந்த இருபத்துநான்கில் ஒன்றுக்காகத்தான் பெரியம்மாவோடு கதை இல்லை என்பதும் பிள்ளைக்குத் தெரியும்.

ஒருமுறை விறாந்தையில் கொடுத்த கணக்கு: 5 பரப்பு 12 குழிக் காணியை மூன்று சகோதரர்களுக்குச் சமமாகப் பிரி. பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி 5.12 என்று எழுதி, மூன்றால் பிரித்து, 1.706 என்று அழகான எழுத்தில் முடித்திருந்தாள். பிரித்தலில் ஒரு பிழையும் இல்லை. பிழை முதல் வரியிலேயே, அந்தப் புள்ளியில் இருந்தது. பரப்புக்கு நூறு குழி என்றால் அந்தப் புள்ளி அங்கே நிற்கலாம். யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்புக்கு 18 குழி.

"பிள்ளை, பரப்புக்கு எத்தினை குழி?"

"பதினெட்டு, சேர்."

"அப்ப அஞ்சு பரப்பு முழுக்கக் குழியாக்கினா?"

அதற்குப் பிறகு அவளே செய்தாள். ஐந்து தர பதினெட்டு 90. அதோடு 12 சேர்த்து 102 குழி. மூன்றால் பிரித்தால் 34. அதாவது 1 பரப்பு 16 குழி. வாத்தியார் அங்கே நிறுத்தவில்லை. முதலில் எழுதிய 1.706 பரப்பைக் குழியாக்கிப் பார்க்கச் சொன்னார். கிட்டத்தட்ட 30.7 வந்தது. ஆளுக்கு மூன்றேகால் குழி காணாமல் போயிருக்கிறது. ஒரு ஏக்கருக்கு 16 பரப்பு, ஒரு பரப்புக்கு 10 பேர்ச்சஸ், ஒரு பேர்ச்சஸ் என்பது 272.25 சதுர அடி என்று பின்னோக்கிப் போனால் ஒரு குழி 151.25 சதுர அடி. ஆக, ஒரு புள்ளியை இடம் தெரியாமல் வைத்ததில் ஒவ்வொரு சகோதரருக்கும் ஏறத்தாழ 500 சதுர அடி நட்டம். "இதுக்கு எங்கடை ஊரிலை வழக்குப் போடுவினம்" என்றார். விறாந்தை சிரித்தது. இரண்டரை மணித்தியாலத்தை 2.30 என்று எழுதி வேகத்தால் பெருக்குகிற பிழையும் இதே குடும்பம்தான். அன்றைக்குப் பிறகு அந்த வகுப்பில் அந்தப் பிழை அரிதாகிவிட்டது.

பழைய காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இதெல்லாம் எண்சுவடியோடு வந்தது. முந்திரி 320இல் ஒன்று, காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று என்று பின்னங்களையும், நிலக்கணக்குக்காகவே பெருங்குழி, சிறுகுழி என்ற வாய்பாடுகளையும் பிள்ளைகள் பாடமாக்கினார்கள். அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று வாத்தியார் வாதிடுவதில்லை. பாடமாக்கியவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் விளங்கியது என்பது அவருக்குச் சந்தேகமே. ஆனால் பின்னம் நிலத்திலும் நெல்லிலும் பொன்னிலும் இருக்கிற பொருள் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது.

அட்சரகணிதம் தமிழில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் புதிதும் அல்ல. அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் உயர்கணிதம் படிப்பிக்கப்பட்டது. அங்கே படித்துப் பிறகு அங்கேயே படிப்பித்த கறோல் விசுவநாதபிள்ளை 1855இல் 'வீசகணிதம்' என்ற தமிழ் அட்சரகணித நூலை வெளியிட்டார். செமினரி மூடப்பட்டதும் அதே வருடம்தான். பிறகு விசுவநாதபிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவரானார். மற்றவர் சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி.வை. தாமோதரம்பிள்ளை. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த தாமோதரம்பிள்ளையை எல்லாருக்கும் தெரியும். கணக்கு எழுதிய விசுவநாதபிள்ளையைத் தமிழ் படித்தவர்களே அதிகம் நினைப்பதில்லை. கணித வாத்தியார்மாருக்கு ஊரில் கிடைக்கும் மரியாதை இவ்வளவுதான் என்று அரியாலை வாத்தியார் பகிடியாகச் சொல்வார், பாதி உண்மையாகவும்.

அவர் தொழிலுக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருந்த காலத்தில். போரால் 1990இலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் பஞ்சுத் திரியும் வைத்த விளக்கைச் சுற்றி நாலைந்து பிள்ளைகள் குனிந்திருந்து கணக்குச் செய்தார்கள். கொப்பியும் தட்டுப்பாடு. பத்திரிகைகளே கொப்பித் தாளில் அச்சான காலம் அது. பிள்ளைகள் முதலில் பென்சிலால் எழுதுவார்கள். அது நிரம்பியபின் அதே பக்கத்தில் பேனையால் மேலே எழுதுவார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். வாத்தியாரும் அடிக்கடி சொல்வதில்லை. "எங்கடை காலத்திலை" என்று தொடங்கும் வாத்தியாரை அவருக்கே பிடிக்காது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் முழுவதும் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது பெருந்தொகையானோர் கண்டி வீதியால் அரியாலையூடாகப் போனார்கள். நாவற்குழிப் பாலத்தில் இலட்சக்கணக்கானோர் அடி அடியாக நகர்ந்தார்கள். அப்பால் மரங்களுக்குக் கீழும் தெரியாத வீடுகளின் விறாந்தைகளிலும் வகுப்புகள் மறுபடி தொடங்கின. அவர் அங்கேயும் படிப்பித்தார். மணலில் விரலால் எழுதியும் தடியால் கீறியும். எக்ஸ் சக 3 முழுவதையும் வர்க்கித்தால் என்ன என்ற கணக்குக்கு மணல்தான் நல்ல பலகை என்று அவர் கண்டுகொண்டது அங்கேதான்.

அந்தப் பிழை எல்லாருக்கும் தெரிந்தது. எக்ஸ் சக 3 என்பதை வர்க்கித்தால் எக்ஸ் வர்க்கம் சக 9 என்று எழுதிவிடுவார்கள். நடுவில் நிற்க வேண்டிய 6 எக்ஸைக் காணோம். மணலில் ஒரு சதுரம் கீறி, அதை ஒரு பக்கத்தில் 3 அடியும் இன்னொரு பக்கத்தில் 3 அடியும் நீட்டிக் காட்டினால், பழைய சதுரத்துக்கும் மூலையிலுள்ள 9 சதுர அடித் துண்டுக்கும் இடையில் நீளமான இரண்டு கீலங்கள் வெறுமையாகக் கிடப்பது தெரியும். ஒவ்வொன்றும் 3 தர எக்ஸ். வளவை நீட்டி வேலி அடைத்துவிட்டு இரண்டு கீலத்தை அயலவனுக்கு விட்டுக்கொடுப்பாரா யாராவது? நம்பாத பிள்ளைக்கு இன்னொரு வழி: எக்ஸுக்கு 1ஐப் போட்டுப் பார்க்கலாம். நாலின் வர்க்கம் 16. பிள்ளை எழுதியபடி செய்தால் 1 சக 9, அதாவது 10. இந்தப் 'போட்டுப் பார்க்கிற' பழக்கம் ஒன்றே போதும், அட்சரகணிதப் பிழைகளில் பெரும்பகுதியைப் பிள்ளை தானே பிடித்துவிடும். சோகம் என்னவென்றால், பரீட்சையில் நேரம் இருந்தும் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

வசனக் கணக்குக்கும் இதே மருந்து பலிக்கும். ஒரு வளவில் ஆடுகளைப் போல் 6 மடங்கு கோழிகள் இருக்கின்றன; இதைச் சமன்பாடாக்கு என்றால் கெட்டிக்காரப் பிள்ளைகளே 6 கோ சமன் ஆ என்று எழுதுவார்கள். வசனத்தில் ஆறும் கோழியும் கிட்டக் கிட்ட நிற்பதால் அப்படியே தூக்கி வைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஜோன் கிளெமென்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் 1980களின் தொடக்கத்தில் மாணவர், பேராசிரியர் தொகையை வைத்து இதேபோன்ற கேள்வியைப் பொறியியல் முதலாம் ஆண்டு மாணவரிடம் கேட்டார்கள். நூற்றுக்கு 37 பேர் பிழை விட்டார்கள். அதில் பெரும்பாலானது தலைகீழாக எழுதிய பிழை. பொறியியல் படிக்கப் போனவர்களே அப்படியென்றால் எட்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஏன் ஏச்சு? இரண்டு ஆடு என்று வைத்துக்கொள்ளும், அப்போது எத்தனை கோழி, பன்னிரண்டு, இனி நீர் எழுதியதில் போட்டுப் பாரும் என்றால் முடிந்தது.

இப்போதைய பிள்ளைகளிடம் புதிதாக ஒரு வகைக் கொப்பி வருகிறது. அதில் பிழையே இல்லை. ஒவ்வொரு வரியும் அச்சடித்ததுபோல் ஒழுங்கு. ஆனால் போன கிழமை பின்னம் கூட்டத் தெரியாத கை அது. தொலைபேசியின் கமராவைக் கணக்குக்கு நேரே பிடித்தால் படிமுறையோடு செய்து காட்டும் போட்டோமத் போன்ற செயலிகள் 2014இலிருந்து இருக்கின்றன. இப்போது அதைவிடச் சமர்த்தானவையும் வந்துவிட்டன. வாத்தியார் தொலைபேசியைத் தடைசெய்யவில்லை. தடை செய்தால் வீட்டில் பார்த்து எழுதிக்கொண்டு வருவார்கள், அவ்வளவுதான். மூன்றாவது வரியை விரலால் தொட்டு, "இரண்டாவதிலிருந்து இது எப்பிடி வந்தது?" என்று மட்டும் கேட்பார். சொல்லத் தெரிந்தால் யாரிடம் படித்தால் என்ன? தெரியாவிட்டால் பிள்ளை தானாகவே கொப்பியை எடுத்துக்கொண்டு போய் வாங்கில் இருக்கும். உண்மையில் அவரை எரிச்சல்படுத்துவது தொலைபேசி அல்ல, கடைகளில் விற்கும் மாதிரி விடைப் புத்தகங்கள். அவற்றில் சிலவற்றில் பாதிச் செய்கைகள் இல்லை. சிலவற்றில் விடையே பிழை.

அவர் தடைசெய்தது அழிறப்பரைத்தான். பிழையை அழித்துவிட்டால் அது எப்படி வந்தது என்று அவருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். அம்மாமார் சிலருக்கு இது பிடிப்பதில்லை. கொப்பி அசிங்கமாக இருக்கிறது என்பார்கள். வடிவான கொப்பிக்குப் பரிசு கொடுக்கும் ஊரில் வெட்டுக் கோடுகளுக்காக வாதாடுவது சுலபமான வேலை இல்லை.

க.பொ.த. சாதாரண தரக் கணிதத்தில் முதலாம் பத்திரம் 2 மணித்தியாலம். பகுதி அ வில் 25 சிறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. பகுதி ஆ வில் 5 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. இரண்டாம் பத்திரம் 3 மணித்தியாலம். கணிப்பான் கொண்டுபோக முடியாது. 35 புள்ளி எடுத்தால் எஸ், அதாவது சாதாரண சித்தி. கணிதமும் தாய்மொழியும் அடங்க ஆறு பாடம் சித்தியடைந்து, மூன்று பாடத்தில் திறமைச் சித்தி எடுத்தால்தான் உயர்தரத்துக்குத் தகுதி. கணிதத்தில் தவறிய ஒரு பிள்ளைக்கு மற்றப் பாடங்களில் எவ்வளவு நல்ல பெறுபேறு இருந்தாலும் கதவு பாதி மூடிவிடுகிறது. அந்த 35ஐத் தாண்ட முடியாமல் இரண்டாம், மூன்றாம் முறை எழுதுகிறவர்களும் விறாந்தைக்கு வருவார்கள். அவர்களுடைய கொப்பிகளைப் பார்த்தால் ஒன்று தெரியும்: பதினோராம் ஆண்டுப் பாடம் விளங்காமல் தவறியவர்கள் குறைவு. ஆறாம், ஏழாம் ஆண்டில் உருவான ஏதோ ஒரு சொந்த விதி யாராலும் வாசிக்கப்படாமல் கூடவே வந்து, கடைசியில் பரீட்சை மண்டபத்திலும் பக்கத்தில் இருந்திருக்கிறது.

பெற்றோருக்கு அவர் சொல்வது இரண்டு விசயம். பரீட்சை எழுதப் போகும் பிள்ளையிடம், செய்கையை விடைத்தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். விடை பிழைத்தாலும் சரியான படிகளுக்குப் புள்ளி உண்டு. வெட்டுவதானால் ஒற்றைக் கோட்டால், வாசிக்கக்கூடியதாக வெட்டச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளின் வீட்டுவேலையைப் பார்க்கும்போது உங்களுக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. சரியோ பிழையோ, ஏதாவது ஒரு வரியைத் தொட்டு "இது எப்பிடி வந்தது?" என்று கேட்டுவிட்டு, பிள்ளை சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருங்கள்.